போக்கர் டோர்னமென்ட்: சிப் வேறு, காசு வேறு

பெயரோ 'பணம் பண்ணுகிறவர்'. பார்த்த வேலையோ அக்கவுண்டன்ட்! புனைபெயர் எல்லாம் இல்லை, குடும்பப் பெயரே அதுதான். கிறிஸ் மனிமேக்கர், அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்துக்காரர். 2003-ல் வயது 27. பகலில் அடுத்தவர் கணக்கு வழக்கு, ராத்திரியில் கம்ப்யூட்டரில் போக்கர், நடுவில் கொஞ்சம் கிரெடிட் கார்டு கடன். பி.காம். பசங்களுக்கு இந்த வாழ்க்கை ரொம்ப அந்நியமாகத் தெரியாது. (கடன் மட்டும் வேண்டாம் சாமி.)

அந்த வருஷம் 86 டாலர் கட்டி இணையத்தில் ஒரு போட்டியில் சேர்ந்தார். அதில் ஜெயித்து அடுத்த போட்டி, அதில் ஜெயித்து லாஸ் வேகாஸ். 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்' மெயின் ஈவென்ட்டுக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். வந்தவர்கள் 839 பேர். மேஜையில் நேருக்கு நேர் உட்கார்ந்து டோர்னமென்ட் ஆடுவது மனிமேக்கருக்கு அதுதான் முதல் தடவை. கடைசியில் 25 லட்சம் டாலரோடு வீட்டுக்குப் போனார்.

அப்புறம் என்ன ஆகும்? 'கணக்குப் பிள்ளை ஜெயிக்கும்போது எனக்கென்ன குறைச்சல்' என்று ஊரே கிளம்பியது. அடுத்த வருஷம் 2,576 பேர். 2006-ல் 8,773 பேர். 2024-ல் 10,112 பேர். இதற்கு 'மனிமேக்கர் விளைவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் 86 எப்படி 25 லட்சம் ஆனது என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கதைக்குள் டோர்னமென்ட் போக்கரின் அடிப்படைப் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அது சீட்டைப் பற்றிய பாடம்கூட இல்லை, சுத்தமான காமர்ஸ் பாடம். முன்னால் இருக்கிற சிப்பும் பாக்கெட்டில் இருக்கிற காசும் ஒன்று இல்லை. அவ்வளவுதான் பாடம். இதைப் புரிந்துகொள்ளாமல் ஆடுகிறவர் எவ்வளவு நல்ல சீட்டு வந்தாலும் பணத்தை விட்டுவிட்டு வருவார்.

போக்கர் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. 'ஹோல்டெம்' ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு கையில் வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விரிக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. மொத்தம் ஏழில் சிறந்த ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றலாம், சமமாகப் போடலாம், இல்லை சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட்டால் கையில் ஒன்றுமே இல்லாதவரும் ஜெயிப்பார். ரம்மியில் டிக்ளேர் பண்ணச் சீட்டு சேர வேண்டும். போக்கரில் எதிராளி பயந்தாலே போதும்!

சாதாரண கேஷ் ஆட்டத்தில் 100 டாலர் சிப் என்றால் அது 100 டாலர்தான். போனால் பாக்கெட்டிலிருந்து இன்னொரு நூறு எடுக்கலாம், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். டோர்னமென்ட் அப்படி இல்லை. எல்லோரும் ஒரே கட்டணம் கட்டி ஒரே அளவு சிப் வாங்குகிறார்கள். சிப் தீர்ந்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான். நடுவில் சிப்பைக் காசாக மாற்றவும் முடியாது. எந்த இடத்தில் முடிக்கிறோம் என்பதற்குத்தான் பரிசு. 2003-ல் 839 பேரில் 63 பேருக்குத்தான் பரிசு. 839 பேரின் சிப்பையும் வாரிக்கொண்ட மனிமேக்கருக்கு 839 பேரின் பணம் வரவில்லை. இரண்டாம் இடத்துக்கு 13 லட்சம், மூன்றாம் இடத்துக்கு 6.5 லட்சம் என்று இறங்கிக்கொண்டே போனது.

அதாவது சிப் முழுவதும் ஒருவரிடம் போகிறது, பணம் பலருக்குப் பிரிகிறது. இதிலிருந்தே மற்றதெல்லாம் வருகிறது.

ப்ளஸ் ஒன்னில் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? முதல் ஆப்பிள், இரண்டாவது ஆப்பிள், மூன்றாவது ஆப்பிள்... அதே கதைதான் இங்கேயும். கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு சிப்பின் மதிப்பும் ஏற்கனவே கையில் இருக்கும் சிப்பின் மதிப்பை விடக் குறைவு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நான்கு பேர் மீதி. மொத்தப் பரிசு 100 ரூபாய்: முதல் பரிசு 50, இரண்டாவது 30, மூன்றாவது 20, நான்காவதாகப் போகிறவருக்குப் பட்டை நாமம். நான்கு பேரிடமும் ஆளுக்கு 2,500 சிப். எல்லோரும் சமம் என்பதால் ஒவ்வொருவர் நிலையின் மதிப்பும் 25 ரூபாய். இப்போது இரண்டு பேர் மோதி, ஒருவர் மற்றவரைக் காலி பண்ணி 5,000 சிப்போடு நிற்கிறார். சிப் இரண்டு மடங்கு. மதிப்பும் 50 ரூபாய் ஆகிவிட்டதா?

முதல் இடத்துக்கு அவருடைய வாய்ப்பு அவர் சிப் பங்கைப் போலவே பாதி. இரண்டாம் இடத்துக்கு மூன்றில் ஒன்று, மூன்றாம் இடத்துக்கு ஆறில் ஒன்று. 25 + 10 + 3.33. ஆக மொத்தம் 38 ரூபாய் 33 காசு. சிப் இரட்டிப்பானது, பணம் ஒன்றரை மடங்குதான் ஆனது. மீதி எங்கே போச்சு? சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மற்ற இரண்டு பேருக்கு! ஆளுக்கு 25-லிருந்து 30 ரூபாய் 83 காசு. விரலைக்கூட அசைக்காமல் கிட்டத்தட்ட 6 ரூபாய் லாபம்.

இதற்கு 'இன்டிபென்டன்ட் சிப் மாடல்' என்று பெயர், சுருக்கமாக ஐ.சி.எம். இதன் வேர் குதிரைப் பந்தயத்தில் இருக்கிறது. பல குதிரைகள் ஓடும் பந்தயத்தில் இரண்டாவது, மூன்றாவது இடங்களுக்கான வாய்ப்பைக் கணக்கிட டேவிட் ஹார்வில் 1973-ல் ஒரு வழி சொன்னார். அதே வழியை 1980-களில் மேசன் மால்முத் போக்கருக்குக் கொண்டுவந்தார்.

சரி, இதனால் ஆட்டத்தில் என்ன மாறுகிறது? அந்த நான்கு பேர் மேஜையில் எதிராளி இருப்பதை எல்லாம் நடுவில் தள்ளி 'ஆல்-இன்' என்கிறார். ஏற்றுக்கொண்டு தோற்றால் 25 ரூபாய் போச்சு, ஜெயித்தால் 38.33. அப்படியானால் ஏற்பதற்கு 25-ஐ 38.33-ஆல் வகுத்தால் வருகிற அளவு, அதாவது 65 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பு வேண்டும். கேஷ் ஆட்டத்தில் இதே இடத்தில் 50 சதவீதம் இருந்தால் போதும். ஒரு ஜோடி எட்டு கையில் இருக்கிறது, எதிராளியிடம் இரண்டு பெரிய சீட்டு என்று கண்ணாலேயே பார்த்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 55 சதவீதம். நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள், அதுவும் உறுதியாகத் தெரியும். ஆனாலும் சீட்டைக் கவிழ்க்க வேண்டும்! முதல்முறை கேட்கிற யாருக்கும் இது கோழைத்தனமாகத்தான் படும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

மனிமேக்கரின் இணையப் போட்டிக்கே திரும்பலாம். அவரே பின்னாளில் பல முறை சொன்ன கதை இது. அந்தக் கடைசி இணையப் போட்டியில் முதல் மூன்று பேருக்கு வேகாஸ் சீட்டு, நான்காவது ஆளுக்கு 8,000 டாலர் ரொக்கம். மனிமேக்கருக்கு எது வேண்டும் என்று நினைத்தார் தெரியுமா? நான்காவது இடம்! கடன் இருக்கிறது, ரொக்கம் கிடைத்தால் அடைத்துவிடலாம். நண்பர் ஒருவர் பேசிப் பேசி வேகாஸ் பக்கம் திருப்பினாராம். எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் கடன்காரனுடைய 8,000 ரொக்கமும், காசாக மாற்ற முடியாத 10,000 டாலர் சீட்டும் எப்படி ஒன்றாகும்? அக்கவுண்டன்ட் புத்தி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

இந்த மாதிரி 'சாட்டிலைட்' போட்டிகளில் ஐ.சி.எம். உச்சத்துக்கே போகும். மூன்று சீட்டும் ஒரே மதிப்பு என்றால் முதலாவதாக வருவதற்கும் மூன்றாவதாக வருவதற்கும் வித்தியாசமே இல்லை. கை நிறைய சிப் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு ஆள் வெளியே போக வேண்டிய நேரத்தில், இரண்டு ஏஸ் வந்தாலும் ஒதுங்குவதே சரி என்கிற நிலைமைகூட வரும். போக்கரின் ஆகச் சிறந்த கையைக் கவிழ்ப்பது!

'அப்போ பேசாமல் எல்லாச் சீட்டையும் கவிழ்த்துக்கொண்டே உட்காரலாமே?' என்று தோன்றும். அங்கேதான் ஆப்பு. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேர் கட்டாயமாகப் போட வேண்டிய பந்தயத்துக்கு 'பிளைண்ட்' என்று பெயர். கொஞ்ச நேரம் கழித்து 'ஆன்ட்டி' என்று எல்லோரும் ஒரு தொகை போட வேண்டும். (பக்கத்து வீட்டு ஆன்ட்டி இல்லீங்க.) இந்த இரண்டும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும். வாடகை ஏறுகிற மாதிரி. சும்மா இருப்பவனை வாடகையே தின்றுவிடும்.

எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்க ஒரு அளவுகோல் உண்டு. பேக்கமன் ஆட்டத்திலும் பெரிய பேர் எடுத்த கணித மேதை பால் மாக்ரியலின் பெயரால் அதை 'எம்' என்பார்கள். அதைப் பிரபலமாக்கியவர் டான் ஹாரிங்டன். சாதாரண ஆள் இல்லை. 1995-ல் இதே மெயின் ஈவென்ட்டை ஜெயித்தவர், 2003-ல் மனிமேக்கர் ஜெயித்த மேஜையில் மூன்றாவது, 2004-ல் நான்காவது. அத்தனை கூட்டத்தில் அடுத்தடுத்த வருஷம் இப்படி வருவது லேசுப்பட்ட விஷயமில்லை.

கணக்கு சுலபம். பிளைண்ட் 500, 1,000. ஒன்பது பேர் ஆளுக்கு 100 ஆன்ட்டி. ஒரு சுற்றுக்குச் செலவு 2,400. கையில் 24,000 சிப் இருந்தால் எம் = 10. அதாவது ஒன்றுமே ஆடாமல் இருந்தால் பத்துச் சுற்றில் திவால். 20-க்கு மேல் பச்சை மண்டலம், நிதானமாக ஆடலாம். 10 முதல் 20 மஞ்சள், கொஞ்சம் துணிய வேண்டும். 6 முதல் 10 ஆரஞ்சு. 5-க்குக் கீழே சிவப்பு: இனிமேல் பாதிப் பந்தயம் எல்லாம் கிடையாது, ஆல்-இன் அல்லது ஒதுங்கல். நிறுவனத்துக்கு நடப்பு விகிதம் பார்க்கிற மாதிரி ஆட்டக்காரர் இதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கையில் எத்தனை சிப் இருக்கிறது என்பது முக்கியமில்லை, அது எத்தனை சுற்று தாங்கும் என்பதே கேள்வி.

ஒரு பக்கம் 'உயிரோடு இரு', இன்னொரு பக்கம் 'சும்மா இருந்தால் செத்தாய்'. இரண்டுக்கும் நடுவில் போகிற வழியை டேவிட் ஸ்க்ளான்ஸ்கி 'இடைவெளி' என்று சொன்னார். முதல் ஆளாகப் பந்தயம் ஏற்றுவதற்குத் தேவையான கையை விட, இன்னொருவர் ஏற்றியதை எதிர்கொள்ளத் தேவையான கை நன்றாக இருக்க வேண்டும். காரணம் எளிது. முதலில் தள்ளுகிறவருக்கு ஜெயிக்க இரண்டு வழி: எல்லோரும் ஒதுங்கலாம், அல்லது கடைசியில் சீட்டு ஜெயிக்கலாம். ஏற்கிறவருக்கு ஒரே வழிதான். எம் 5-ல் இருப்பவர் 12,000 சிப்பைத் தள்ளி, எல்லோரும் ஒதுங்கினால், சீட்டே காட்டாமல் 2,400 வரும். இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு லாபம்! அதனால் டோர்னமென்ட்டில் நல்ல ஆட்டக்காரர் அடிக்கடி தள்ளுவார், அபூர்வமாக ஏற்பார். புதிதாக வருகிறவர் இதைத் தலைகீழாகச் செய்வார்: தள்ளப் பயம், 'என்னதான் வைத்திருக்கிறான் பார்த்துவிடலாம்' என்று ஏற்பதில் ஆசை.

பரிசு எல்லைக்கு ஒரு ஆள் முன்னால் இருக்கும் கட்டத்துக்கு 'பபிள்' என்று பெயர். 2003-ல் 64-வதாகப் போகிறவருக்குப் பூஜ்யம், 63-வதுக்குப் பணம். அப்போது சிப் குறைவாக இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். சிப் அதிகம் வைத்திருப்பவர் அவர்களை விடாமல் தள்ளிக்கொண்டே இருப்பார். அவர்களால் எதிர்க்க முடியாது, ஏனென்றால் 65 சதவீதக் கணக்கு அவர்கள் கழுத்தைப் பிடித்திருக்கிறது. ஐ.சி.எம். ஏழைக்குப் பூட்டு, பணக்காரனுக்குச் சாவி.

இப்போது அந்தப் புகழ்பெற்ற பிளஃப். 2003, கடைசி இரண்டு பேர்: மனிமேக்கரும், லெபனானில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹாவும். நடுவில் 9, 2, 6, பிறகு 8, பிறகு 3. ஃபார்ஹாவிடம் குயினும் ஒன்பதும், ஆக ஒன்பது ஜோடி. மனிமேக்கரிடம் கிங்கும் ஏழும். இஸ்பேடு ஃப்ளஷ் வரவில்லை, ஸ்ட்ரெய்ட்டும் வரவில்லை, கையில் ஒன்றுமே இல்லை. ஆல்-இன் என்றார். ஃபார்ஹா ரொம்ப நேரம் யோசித்தார், ஃப்ளஷ் தப்பிப் போச்சா என்று கேட்டும் பார்த்தார். மனிமேக்கர் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார். ஃபார்ஹா சீட்டைக் கவிழ்த்தார்.

'என்னா தில்லு!' என்று இன்று வரை பேசுகிறார்கள். ஆனால் கணக்குப்படி பார்த்தால் அந்தத் தில்லைக் காட்ட அதுதான் சரியான நேரம். இரண்டே பேர் மீதி என்றால் 13 லட்சம் இருவருக்கும் உறுதியாகிவிட்டது. அதற்கு மேலே இருக்கிற 12 லட்சத்துக்குத்தான் சண்டை, அது சிப் விகிதத்திலேயே பிரிகிறது. அதாவது டோர்னமென்ட் முழுவதிலும் ஐ.சி.எம். அழுத்தம் மறைந்து, சிப்பும் காசும் மறுபடி ஒன்றாகிற ஒரே கட்டம் அதுதான். மேஜையில் கணக்கு நேர்கோடு. மனசில் அப்படி இல்லை. இருவர் மட்டும் மிஞ்சியபோது, சிப் தன்னிடம் அதிகம் இருந்தும், மீதிப் பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று மனிமேக்கரே கேட்டாராம். ஃபார்ஹா மறுத்துவிட்டார். கடன் உள்ள மனுஷனுக்கு உறுதியான ரூபாயின் ருசியே தனி. கேட்டு, மறுக்கப்பட்டு, அதற்குப் பிறகும் அந்தப் பிளஃபை ஆடினார் என்பதுதான் பாராட்ட வேண்டிய இடம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அதிர்ஷ்டத்தை மறைத்தால் அது பித்தலாட்டம். பத்து பேர் மீதி இருந்தபோது மனிமேக்கர் ஃபில் ஐவியோடு மோதினார். மனிமேக்கரிடம் ஏஸ், குயின். ஐவியிடம் ஒன்பது ஜோடி. நடுவில் குயின், குயின், 6. மனிமேக்கர் ரொம்ப முன்னால். அடுத்த சீட்டு ஒன்பது! 45 சீட்டில் இரண்டுதான் ஒன்பது, அதில் ஒன்று வந்து ஐவிக்கு ஃபுல் ஹவுஸ். ஐவி எல்லாவற்றையும் தள்ளினார், மனிமேக்கர் ஏற்றார். இனி அவரைக் காப்பாற்ற 44-ல் 7 சீட்டு, சுமார் 16 சதவீதம். வந்தது ஏஸ். ஐவி பத்தாவது இடத்தோடு வெளியே. அந்த ஒரு சீட்டு வேறாக இருந்திருந்தால் 'மனிமேக்கர் விளைவு' என்ற சொல்லே பிறக்காமல் போயிருக்கலாம்.

போக்கர் உலகத்தில் 'ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் போதும்' என்று ஒரு வழக்கு உண்டு. 1982-ல் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாம் போச்சு என்று எழுந்தபோது ஒரே ஒரு 500 சிப் தன் பக்கம் மறைந்து கிடப்பதைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்து, கடைசியில் பட்டமே ஜெயித்த கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். அழகான கதை. ஆனால் ஆபத்தான கதையும்கூட. அந்த வாக்கியம் மேஜைக்கு உள்ளே மட்டும் செல்லும். மேஜையில் கடைசி சிப்பை வைத்துப் போராடலாம், அதற்கு ஏற்கனவே பணம் கட்டியாகிவிட்டது. வீட்டு வாடகை, செமஸ்டர் ஃபீஸ், அம்மாவின் வளையல் எல்லாம் சிப் இல்லை.

டோர்னமென்ட்டின் ஒரே நல்ல குணம், அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று உட்காரும்போதே தெரிவதுதான். தோற்றதும் அடுத்த போட்டிக்குக் கட்டணம் கட்டுகிறவர் அந்த ஒரு நல்ல குணத்தையும் கெடுத்துவிடுகிறார். நடத்துகிறவர்கள் பங்கு எடுப்பதால் ஆடுகிறவர்கள் எல்லோரையும் கூட்டிப் பார்த்தால் நஷ்டம்தான். நன்றாக ஆடுகிறவர்கூடப் பெரும்பாலான போட்டிகளில் வெறுங்கையோடுதான் திரும்புவார். ஒரு போட்டிக் கட்டணத்தைப் போல நூறு மடங்காவது தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் தொழிலாக ஆடவேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமலே தடை செய்தது. வாதம் எப்படியும் இருக்கட்டும். திறமை இருக்கிற ஆட்டத்திலும் காசு தீர்கிற வேகம் திறமை வருகிற வேகத்தை விட அதிகம் என்பது மட்டும் நிச்சயம்.

அதனால் காசு வைக்காமல் புளியங்கொட்டை வைத்து ஆடினாலும் இந்தக் கணக்கு செல்லும். ஒரு முடிவு எடுத்த பிறகு 'ஜெயித்தேனா' என்று கேட்காமல் 'அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்துச் சரியாக எடுத்தேனா' என்று கேட்கப் பழகுவது சீட்டுக்கு வெளியேயும் உதவும்.

2003-ல் 63 பேருக்குப் பணம் கிடைத்தது. ஒருவருக்கு உலகப் புகழ் கிடைத்தது. 64-வதாக எழுந்து போனவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை. எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டு, சரியான நேரத்தில் தள்ளி, 44-ல் 7 சீட்டு தப்பாக விழுந்து அவர் போயிருக்கலாம். அடுத்த முறை மனிமேக்கர் கதையை யாராவது கண் மின்னச் சொன்னால், அந்த 64-வது ஆளையும் கொஞ்சம் விசாரியுங்கள் :-)